எங்கோ நடக்கிற போரின் பாரத்தை யார் சுமப்பது? – கேள்வி பதில்

உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து 'கூட்டணி', 'சுமைப் பகிர்வு' (கூட்டணியின் செலவையும் ஆபத்தையும் உறுப்பு நாடுகள் பங்கிட்டுக்கொள்வது) என்ற சொற்கள் செய்திகளில் அடிக்கடி அடிபடுகின்றன. ராணுவக் கூட்டணிகளின் வரலாற்றைப் பல வருடங்களாகப் படித்து, பாடமும் நடத்தி வருகிறேன். அந்த உரிமையில்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அருண்: சார், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடக்கிற போர் ஒரு கூட்டணியை எப்படி மாற்றும்? சொந்த எல்லையில் குண்டு விழுந்தால்தானே நாடுகள் பதறும்?

கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள் அருண். 1949 ஏப்ரலில் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் உட்பட 12 நாடுகள் நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அது பெரும்பாலும் காகிதம்தான். ஒருங்கிணைந்த படைத் தலைமை கிடையாது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர்கள் துணை நிற்பார்கள் என்ற வாக்குறுதி மட்டும் இருந்தது.

1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை, இரண்டு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது இணைகோட்டைத் தாண்டித் தெற்கே நுழைந்தது. ஐரோப்பியத் தலைநகரங்களில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தியைக் கேட்டதும் ஜெர்மனி ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் இரண்டாகப் பிரிந்து கிடந்த நாடு. அதன் கிழக்குப் பாதியில் சோவியத் படை நின்றது. அங்கே நடந்தது இங்கே நடக்க எவ்வளவு நாள் ஆகும் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க ஜெனரல் ஐசனோவர் ஐரோப்பாவில் நேட்டோவின் கூட்டுப் படைக்குத் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அமெரிக்கா கூடுதலாக 4 டிவிஷன்களை (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரிய படைப்பிரிவுகளை) ஐரோப்பாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. சுமார் 5,000 பேர் கொண்ட படைப்பிரிவைக் கொரியாவுக்கு அனுப்பிய துருக்கி, 1952 பிப்ரவரியில் கிரீஸோடு சேர்ந்து நேட்டோவில் உறுப்பினரானது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் மேற்கு ஜெர்மனி. ஹிட்லர் வீழ்ந்து ஐந்தே வருடம் ஆகியிருந்தபோது, ஜெர்மானியர் கையில் மறுபடி துப்பாக்கி கொடுக்கவேண்டும் என்று அமெரிக்கா வற்புறுத்தியது. பிரான்ஸ் மிரண்டுபோய், பொதுவான ஐரோப்பியப் படை ஒன்றுக்குத் திட்டம் போட்டது. அந்தத் திட்டத்தைக் கடைசியில் 1954ல் பிரெஞ்சு நாடாளுமன்றமே தோற்கடித்தது. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது. சில நாட்களிலேயே சோவியத் தரப்பு வார்சா ஒப்பந்தம் என்ற தன் சொந்த ராணுவக் கூட்டணியை அமைத்தது. ஐரோப்பாவை இரண்டு முகாம்களாக இறுக்கியதில் அந்தக் கொரியக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

சுமை சாதாரண மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் படைச் செலவை ஏற்றியது. அதற்குப் பணம் தேட, இலவச மருத்துவத் திட்டத்தில் மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் வைத்தது. அதை எதிர்த்து 1951 ஏப்ரலில் அனூரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டார். கூடவே விலகியவர் ஹரால்ட் வில்சன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

நிர்மலா: சுமை என்றால் பணம்தானா?

இல்லை. பணம் எண்ணுவதற்குச் சுலபம், அதனால் எல்லாரும் பணத்தைப் பேசுகிறார்கள். படையினரின் உயிர், தளம் அமைக்க விட்டுக்கொடுக்கும் நிலம், பொருளாதாரத் தடை போட்டதால் இழக்கும் வியாபாரம், வந்து சேரும் அகதிகள், தன் கையிருப்பில் இருந்து எடுத்துக் கொடுத்த ஆயுதம், இவை எல்லாமே சுமைதான். ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கணக்குப் போட முடியாது. கூட்டாளிகளுக்கு இடையில் வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. நான் பணம் கொடுத்தேன் என்று ஒருவர் சொல்வார், என் பிள்ளைகள் செத்தார்கள் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

கபிலன்: நிஜத்தில் பெரிய நாடுதானே இழுக்கிறது? சின்ன நாடுகள் தேர் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடக்கின்றன.

இந்தச் சந்தேகத்துக்குக் கோட்பாடே இருக்கிறது. 1966ல் மான்சர் ஓல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். பாதுகாப்பு, யார் செலவழித்தாலும் எல்லாருக்கும் கிடைக்கிற பொதுவான பொருளாக இருக்கும்போது பெரிய உறுப்பினர் தன் அளவுக்கு மீறிச் சுமப்பதும், சிறியவர்கள் குறைத்துக் கொடுப்பதும் இயல்பு என்று காட்டினார்கள். அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் எல்லா நேரத்திலும் அப்படி இல்லை. 2001க்குப் பிறகு அமெரிக்காவோடு கூட்டாளி நாடுகளும் சேர்ந்து போரிட்ட ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். டென்மார்க்கின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம்தான். அது ஹெல்மண்ட் மாகாணத்தில் கடுமையான சண்டை நடந்த இடத்தில் நின்று 43 படையினரை இழந்தது. கனடா 150க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. ஜார்ஜியா நேட்டோவில் உறுப்பினர்கூட இல்லை, என்றைக்காவது சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் வீரர்களை அனுப்பியது. அதே சமயத்தில் இன்னும் சில நாடுகள் படையை அனுப்பினாலும், இந்தப் பகுதிக்கு வரமாட்டோம், இந்த வேலை செய்யமாட்டோம் என்று நிபந்தனைகள் போட்டிருந்தன. இறந்தவர்களை மறந்துவிட்டு 'சும்மா தொட்டுக்கொண்டு வந்தார்கள்' என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. உங்களைச் சொல்லவில்லை கபிலன், அப்படிப் பேசுகிற பெரிய மனிதர்களைச் சொல்கிறேன்.

ஷாகுல்: நேட்டோவின் ஐந்தாவது பிரிவுப்படி ஒருவரைத் தாக்கினால் எல்லாரும் கட்டாயம் போருக்குப் போகவேண்டுமா?

இல்லை. ஒருவர் மீதான தாக்குதலை எல்லார் மீதுமான தாக்குதலாகக் கருதவேண்டும். ஆனால் எப்படி உதவுவது என்பதை, தேவை என்று தான் கருதும் நடவடிக்கையாக ஒவ்வொரு நாடும் முடிவு செய்துகொள்ளலாம். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது ஒரே ஒரு தடவை, 2001 செப்டம்பரில் அமெரிக்கா தாக்கப்பட்டபோது. ஐரோப்பாவைக் காக்க எழுதிய பிரிவு முதலில் அமெரிக்காவுக்குத்தான் பயன்பட்டது. சுமைப் பகிர்வு விவாதங்களில் இதை ஏனோ யாரும் எடுப்பதில்லை.

மீனாட்சி: வீரர்களை அனுப்பாமல் பணமாகக் கட்டிவிட்டுத் தப்பிக்க முடியாதா?

ஈராக் பிடித்துக்கொண்ட குவைத்தை அமெரிக்கா தலைமையிலான நாடுகள் மீட்ட 1990–91 வளைகுடாப் போரில் ஜப்பான் அதைத்தான் செய்துபார்த்தது. அந்தப் போருக்கு அமெரிக்காவுக்கு ஆன செலவு சுமார் 61 பில்லியன் டாலர். அதில் 54 பில்லியன் அளவுக்கு மற்ற நாடுகள் ஈடு செய்தன. சவூதி அரேபியாவும் குவைத்தும் ஆளுக்குச் சுமார் 16 பில்லியன் கொடுத்தன. ஜெர்மனியும் நல்ல தொகை கொடுத்தது. ஜப்பான் மொத்தம் 13 பில்லியன் டாலர் எடுத்து வைத்தது. அதற்காகத் தற்காலிக வரிகூடப் போட்டது. போருக்குப் படை அனுப்ப ஜப்பானின் அரசியல் சாசனம் இடம் கொடுக்கவில்லை.

போர் முடிந்தது. தன்னை மீட்ட நாடுகளுக்கு நன்றி சொல்லி அமெரிக்கப் பத்திரிகையில் குவைத் ஒரு விளம்பரம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் ஜப்பானின் பெயர் இல்லை.

13 பில்லியன் கொடுத்தும் பெயர் இல்லை என்ற காயம் ஜப்பானிய அரசியலில் ஆழமாகப் பதிந்தது. 1991 ஏப்ரலிலேயே கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்களை வளைகுடாவுக்கு அனுப்பினார்கள். 1992ல் ஐ.நா. அமைதிப் பணிக்குப் படை அனுப்பச் சட்டம் கொண்டுவந்து, அதே வருடம் கம்போடியாவுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியிலும் இதே விவாதம் ஓடியது. நாடாளுமன்றம் சம்மதித்தால் வெளிநாட்டுப் பணிக்குப் படையை அனுப்பலாம் என்று 1994ல் அதன் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆக, மீனாட்சி, பணம் செலவைத்தான் ஈடுகட்டுகிறது. ஆபத்தில் பங்கெடுத்தவருக்குக் கிடைக்கும் மதிப்பு அதில் வருவதில்லை. ஜப்பானுக்கு அப்போது நடந்தது நியாயம் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அருண் (மறுபடியும்): போர் வந்தால் கூட்டணி எப்போதும் இறுகுமா? உடைந்ததே இல்லையா?

விரிசல் விட்டது உண்டு. வியட்நாம். வில்சனை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1964ல் அவர் பிரதமரானார். பெயருக்கு ஒரு சிறு படையாவது அனுப்புங்கள் என்று அமெரிக்க அதிபர் ஜான்சன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிரிட்டனின் பவுண்டைத் தாங்கிப் பிடிக்க அமெரிக்காவின் தயவு தேவைப்பட்ட காலம் அது. அப்படியும் வில்சன் அனுப்பவில்லை. தூரத்துப் போருக்காக உள்நாட்டில் கட்டணம் வைத்ததை எதிர்த்துப் பதவி விலகியவர் பின்னாளில் இந்த முடிவை எடுத்தார் என்பது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

போனவர்கள் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் இருந்து சுமார் 60,000 பேர் அங்கே பணியாற்றினார்கள். தென் கொரியா மொத்தமாக 3 லட்சம் பேருக்கு மேல் அனுப்பியது, 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பதிலுக்குத் தன் ராணுவத்தை நவீனமாக்கும் உதவியும், போர் ஒப்பந்த வேலைகளும், டாலரும் அதற்குக் கிடைத்தன. ஆனால் அது எதிர்பார்த்த முக்கியமான விஷயம், அமெரிக்கப் படை தன் மண்ணைவிட்டுப் போகாது என்பது. 1969 ஜூலையில் குவாம் தீவில் பேசிய அமெரிக்க அதிபர் நிக்சன், ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்புக்கான ஆட்களைத் தாங்களே தரவேண்டும் என்றார். 1971ல் ஒரு டிவிஷன், சுமார் 20,000 பேர், தென் கொரியாவில் இருந்து கிளம்பிவிட்டது. அதிர்ந்துபோன தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ ரகசியமாக அணுகுண்டு முயற்சியில் இறங்கினார். அமெரிக்கா கடுமையாக நெருக்கியபிறகே அது நின்றது.

ஐரோப்பாவில் மேற்கு ஜெர்மனி வேறு வழியில் சுமந்தது. தன் மண்ணில் நின்ற அமெரிக்கப் படைக்கு ஆகும் செலவை ஈடுகட்ட அமெரிக்க ஆயுதங்களை வாங்கியது. அந்தக் காலத்தில் மற்ற நாடுகளின் மத்திய வங்கிகள் டாலரைக் கொடுத்தால் அமெரிக்கா தங்கம் தரவேண்டும்; தன்னிடம் இருக்கும் டாலரைக் கொடுத்து அப்படித் தங்கம் கேட்கமாட்டோம் என்று 1967ல் அதன் மத்திய வங்கி எழுதியே கொடுத்தது.

யாழினி: இப்போதைய உக்ரைன் போர்? 2 சதவீதம், 5 சதவீதம் என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் பாதுகாப்புக்குப் போகிறது என்பதுதான். ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்ட 2014ல், பத்து வருடத்துக்குள் 2 சதவீதத்தை நோக்கி நகர்வோம் என்று நேட்டோ நாடுகள் ஒப்புக்கொண்டன. அப்போது அந்த அளவை எட்டியிருந்தவை மூன்றே நாடுகள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு நடத்தியபிறகு வேகம் பிடித்தது. ஜெர்மனி 100 பில்லியன் யூரோ தனி நிதி அறிவித்தது. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில், 2035க்குள் 5 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். படைக்கு நேரடியாக 3.5, பாலம், சாலை, சைபர் பாதுகாப்பு போன்றவற்றுக்கு 1.5. அவ்வளவு தேவையில்லை என்று ஸ்பெயின் வெளிப்படையாகவே மறுத்தது.

இந்தச் சதவீதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 2014ல் எட்டியிருந்த மூன்றில் ஒன்று கிரீஸ். அது அவ்வளவு செலவழித்ததற்குப் பெரிய காரணம் பக்கத்து நாடான துருக்கி மீதான பயம். துருக்கியும் அதே கூட்டணியில் இருக்கிறது! ராணுவ ஓய்வூதியமும் இந்தக் கணக்கில் சேரும். எவ்வளவு செலவழித்தார்கள் என்று தெரியுமே தவிர, மற்றவருக்கு என்ன உதவியது என்று அந்த எண் சொல்லாது.

நிர்மலா (மறுபடியும்): சரி, பிறகு எதை வைத்து அளப்பது?

கொடுத்தவர் கையில் என்ன மிஞ்சியது என்று நான் பார்ப்பேன். 2022 ஏப்ரலில் ஸ்லோவாக்கியா தன்னிடம் இருந்த ஒரே எஸ்–300 வான் பாதுகாப்பு அமைப்பை உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க நட்பு நாடுகள் பேட்ரியாட் அமைப்புகளைக் கொண்டுவந்து நிறுத்தின. 2023ல் டென்மார்க் தன் 19 சீசர் பீரங்கிகளையும் கொடுத்தது. போலந்து நூற்றுக்கணக்கான டாங்கிகளை அனுப்பியதோடு லட்சக்கணக்கான அகதிகளையும் ஏற்றது. ஃபின்லாந்து 2023 ஏப்ரலில் சேர்ந்தபோது ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லையும் கூட்டணிக்குள் வந்தது. அது சுமையா வரவா? இரண்டும்தான். காக்கவேண்டிய கோடு நீண்டது, அதைக் காக்கத் தெரிந்த ராணுவமும் கூடவே கிடைத்தது.

தினேஷ்: ஐரோப்பாவின் போரில் ஆசியா எங்கே வந்தது?

1950ன் கதை திசை மாறி நடக்கிறது. அன்று கொரியாவைப் பார்த்து ஐரோப்பா பயந்தது. இன்று உக்ரைனைப் பார்த்து ஆசியா பயப்படுகிறது. 2022 டிசம்பரில் ஜப்பான் தன் பாதுகாப்புச் செலவை 2 சதவீதத்துக்குக் கொண்டுபோக முடிவெடுத்தது. போலந்து தன் டாங்கிகளைக் கொடுத்துவிட்டுப் புதியவற்றைத் தென் கொரியாவிடம் வாங்கியது. மறுபக்கம் ரஷ்யாவும் வட கொரியாவும் 2024 ஜூனில் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. சில மாதங்களில் வட கொரிய வீரர்கள் உக்ரைன் படையோடு சண்டையிட ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குப் போனார்கள். இரண்டு கொரியாக்களின் ஆயுதங்களும் இப்போது ஐரோப்பாவில் இருக்கின்றன.

ரெஜினா: கூட்டணியில் சேராத நாடு நிம்மதியாக ஒதுங்கி இருக்கலாம்தானே?

ஒதுங்கலாம், ஆனால் பில் வீடு தேடி வரும். 2022ல் கருங்கடல் வழியாகத் தானியம் போவது நின்றபோது, அதை நம்பியிருந்த நாடுகளில் கோதுமைக்குத் தட்டுப்பாட்டுப் பயம் வந்தது. அந்த நாடுகள் யாரோடும் சண்டைக்குப் போனவை இல்லை. ஐ.நா.வும் துருக்கியும் பேசி ஜூலையில் கப்பல்களுக்கு வழி திறந்தார்கள். அடுத்த வருடம் ரஷ்யா அதிலிருந்து விலகிக்கொண்டது.

இன்னொன்று, என் மனதை விட்டு நீங்காதது. 1990 நவம்பரில், குவைத்தை மீட்கப் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் 678ஆவது தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு வந்தது. ஏமன் எதிர்த்து வாக்களித்தது. அமெரிக்கா அதற்குக் கொடுத்துவந்த உதவியை வெட்டியது. அதற்கு முன்பே, ஏமனின் நிலைப்பாட்டால் கோபமான சவூதி அரேபியா, ஏமன் தொழிலாளர்களுக்கு இருந்த சலுகைகளை ரத்து செய்திருந்தது. பல லட்சம் பேர் வேலையை விட்டு ஊர் திரும்பவேண்டியதாயிற்று. அவர்கள் மாதாமாதம் அனுப்பிய பணத்தை நம்பியிருந்த நாடு அது. இரண்டு ஏமன்களும் ஒன்றாக இணைந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நான்காவது வருடம் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வேலையில்லாமல் திரும்பிய அத்தனை பேரை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.