கேமராவை மூஞ்சில இருந்து நோட்டுக்கு திருப்புங்க

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், வீட்டுல இருந்தே ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்கறது. அதனால மத்ததையெல்லாம் அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

எம்.எஸ்சி., பி.எட். முடிச்சவ நான். ரெண்டாவது குழந்தை பொறந்ததும் ஸ்கூல் வேலையை விட்டுட்டேன். 9, 10-ம் வகுப்பு பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு எடுக்கலாம்னு ஆசை. ஆனா யூட்யூப்ல சொல்ற லேப்டாப், டிஜிட்டல் போர்டு, லைட்டெல்லாம் கூட்டிப் பார்த்தா 1 லட்சத்தை தாண்டும்போல. அவ்வளவும் வேணுமா? – வாசகி, பாளையங்கோட்டை

வேணவே வேணாம்மா. வீட்டுல இருக்கற பழைய லேப்டாப், ஒரு ஃபோன், ஃபோனை நோட்டுக்கு மேல கவுத்து வைக்க ஒரு ஸ்டாண்ட், இது போதும் ஆரம்பிக்க. லேப்டாப்ல நீங்க பேசுங்க, அதே மீட்டிங்ல ஃபோனையும் சேர்த்து மைக்கை ஆஃப் பண்ணிட்டு நீங்க எழுதறதை காட்டுங்க. நாலு பிள்ளைங்க சேர்ந்ததும் ஹூயான், எக்ஸ்பி-பென் மாதிரி கம்பெனியோட பென் டேப்லெட், அதாவது மேல எழுதினா லேப்டாப் ஸ்க்ரீன்ல தெரியற பலகை ஒண்ணு வாங்கிக்கலாம், சில ஆயிரத்துல முடிஞ்சிடும். கை கீழ எழுதும் கண்ணு மேல ஸ்க்ரீனை பார்க்கும், அது பழக கொஞ்ச நாளாகும், அதனால கிளாஸ்ல வச்சே பழகாம முன்னாடியே உக்காந்து எழுதிப் பாருங்க. காசு போடணும்னா முதல்ல மைக் வச்ச ஹெட்செட்டுக்கு போடுங்க, ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் கேட்டா அந்தப் பக்கம் இருக்கற அம்மாவுக்கு நம்பிக்கை போயிடும்.

ஜூம் இலவச அக்கவுண்ட் 40 நிமிஷத்துல கட் ஆயிடும், சரியா புள்ளை மூணாவது கணக்கு போட்டுட்டிருக்கும்போது. கூகுள் மீட்ல ரெண்டு பேர் மட்டும்னா அந்த தொல்லை இல்ல, ஆனா உங்க ஃபோனும் ஒரு ஆளா சேர்ந்துக்கும், மூணு ஆயிட்டா 1 மணி நேரம்தான். டியூஷனுக்கு அது தாராளம்.

இப்ப நீங்க கேட்காத ஒண்ணை சொல்றேன், எனக்கு இதுதான் முக்கியம். எல்லாரும் தான் எழுதறது பளிச்சுன்னு தெரியணும்னு மெனக்கெடறாங்க, புள்ளை எழுதறதை யாருமே பார்க்கறதில்ல. ஸ்கூல்ல பெஞ்சு பெஞ்சா நடந்துகிட்டே நோட்டை எட்டிப் பார்ப்போமே, ஆன்லைன்ல காணாம போனது அதுதான். புள்ளை மூஞ்சி அழகா ஸ்க்ரீன்ல இருக்கும், "புரிஞ்சுது மிஸ்"னு தலையாட்டும், நோட்டுல என்ன நடக்குதுன்னு கடவுளுக்குதான் வெளிச்சம்.

2x = 6 குடுத்தீங்க, x = 4-ன்னு பதில் வருது. வெறும் 4-ஐ கேட்டா கவனக்குறைவுன்னு திட்டிட்டு போயிடுவோம். பேனா ஓடறதை பார்த்தா தெரியும், "அந்தப் பக்கம் போனா மைனஸ்"னு யாரோ சொல்லிக் குடுத்ததை அது அப்படியே புடிச்சுகிட்டு 6-ல இருந்து 2-ஐ கழிச்சிருக்கு. இது கவனக்குறைவே இல்ல, அது நம்பற ஒரு விதி, அதை எடுத்துட்டு ரெண்டு பக்கமும் 2-ஆல வகுக்கறோம்னு முதல்ல இருந்து காட்டணும். (-3)²-க்கும் -3²-க்கும் ரெண்டுக்குமே 9 போடறதும் இதே கதைதான், ரெண்டாவது -9. கிளாஸ் முடிஞ்சதும் வாட்ஸ்அப்ல நோட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொன்னா போதாதான்னு கேட்பீங்க. அதுல ரப்பர் வச்சு அழிச்ச சுத்தமான பக்கம்தான் வரும், நமக்கு வேண்டியது அந்த அழிச்ச இடம்.

அதனால முதல் நாளே சொல்லிடுங்க: ரெண்டு பக்கமும் புக்கை அடுக்கி குறுக்கே ஃபோனை வச்சு பின்பக்க கேமராவுக்கு மாத்தணும், நோட்டு தெரியணும், பேனாலதான் எழுதணும், தப்பானா அழிக்காம ஒரு கோடு போட்டுட்டு கீழ எழுதணும். நீங்க பேசறது கால்வாசி நேரம் இருந்தா போதும், மீதி நேரம் அது எழுதட்டும் நீங்க பாருங்க. வாயை மூடிட்டு பார்க்கறது கஷ்டம்தான், டீச்சர்களுக்கு ரொம்பவே கஷ்டம்.

நம்ம ஸ்டேட் போர்டு 10-ம் வகுப்புல இது இன்னும் அவசியம். 100 மார்க்ல 16 மார்க் செய்முறை வடிவியலும் வரைபடமும், ஆளுக்கு 8. ஜியோஜீப்ரான்னு படம் வரையற கணக்கு சாஃப்ட்வேர்ல தொடுகோடு வரைஞ்சு காட்டினா பார்க்க ஜோரா இருக்கும், ஆனா பரிட்சை ஹால்ல புள்ளை கையில இருக்கப் போறது காம்பஸ்தான். முள்ளு நகருதா, ஆரம் மாறுதான்னு நோட்டுக்கு மேல கேமரா இருந்தாதான் தெரியும். சிபிஎஸ்இ பிள்ளைங்க வந்தா ஸ்டாண்டர்டா பேசிக்கான்னு சேரும்போதே கேட்டு வச்சுக்குங்க, 2020 பொதுத்தேர்வுல இருந்து 10-ம் வகுப்பு கணக்குப் பரிட்சையை அப்படி ரெண்டா பிரிச்சிருக்காங்க, பேசிக் கொஞ்சம் சுலபம்.

ஆன்லைன் டியூட்டரா சேர்த்துக்கறோம், மாசம் 40 ஆயிரம் உத்தரவாதம், முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் 4,999 கட்டுங்கன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு. கட்டலாமா? – வாசகர், ஈரோடு

கட்டாதீங்க தம்பி. வேலை குடுக்கறவன் உங்ககிட்ட காசு கேட்டா அது வேலை இல்ல. ஏற்கனவே கட்டிட்டீங்கன்னா உக்காந்து யோசிக்காம உடனே 1930-க்கு ஃபோன் போடுங்க, சைபர் க்ரைம் உதவி எண் அது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நியூஜெர்சியில இருக்கற என் அண்ணி மூலமா ரெண்டு பிள்ளைங்க வந்திருக்காங்க. காலைல 6 மணிக்கு கிளாஸ். நவம்பர்ல டைம் மாறும்ங்கறாங்க, ஒண்ணும் புரியல. – வாசகி, திருச்சி

நம்ம 6 மணி அவங்களுக்கு முந்தின நாள் ராத்திரி 8.30. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தை 1 மணி நேரம் பின்னாடி வச்சுடுவாங்க, மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அப்படியே. அந்தப் புள்ளைக்கு அதே 8.30 தான் வேணும்னா உங்களுக்கு காலைல 7 ஆயிடும், சரியா உங்க வீட்டு டிஃபன் பாக்ஸ் கட்டற நேரம். அக்டோபர்லயே பேசி முடிச்சுடுங்க. துபாய், சிங்கப்பூர்ல இந்த வம்பு கிடையாது, வருஷம் பூரா ஒரே நேரம், துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர் ரெண்டரை மணி முன்னாடி.

இன்னொண்ணு, அங்க பாடம் நடத்தற விதமே வேற. அமெரிக்கப் புள்ளைகிட்ட லட்சம், கோடின்னு பேசினா முழிக்கும். சிங்கப்பூர்ல சின்ன வகுப்புல பட்டை வரைஞ்சு பிரிச்சுதான் கணக்கு போடுவாங்க, நீங்க எடுத்தவுடனே x-னு வச்சீங்கன்னா புள்ளைக்கு குழப்பம், உங்களுக்கு அவங்க அம்மாகிட்ட இருந்து ஃபோன். ஸ்கூல் ஒர்க்‌ஷீட் ரெண்டை வாங்கிப் பார்த்துட்டு அப்புறம் ஆரம்பிங்க.

அரசு உதவி பெறும் பள்ளியில கணக்கு டீச்சர். சாயங்காலம் ஆன்லைன்ல எடுத்தா யாருக்கு தெரியப் போகுது? – பெயர் வேண்டாம்

தெரியுமா தெரியாதாங்கறது அப்புறம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 28-வது பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு நேராவே சொல்லுது, ஆன்லைனும் டியூஷன்தான். வேணாம்.

நாத்தனார் பையனுக்கும் எடுக்கறேன். ஃபீஸ் எப்படி கேட்கறது? – வாசகி, மதுரை

இதுக்கு அல்ஜீப்ராவே தேவலாம்! இத்தனை நாள் சும்மா சொல்லிக் குடுத்தது போகட்டும். அடுத்த மாசம் எல்லா பெற்றோருக்கும் ஒரே மெசேஜ் அனுப்புங்க, 5-ம் தேதிக்குள்ள ஃபீஸ், சொல்லாம லீவு போட்டா அந்த கிளாஸ் போச்சு, இப்படி. நாத்தனாரும் அந்த லிஸ்ட்ல இருக்கட்டும், தனியா பேசப் போனாதான் சண்டை. அவங்க குடுக்கலன்னா லீவு நாள்ல மட்டும் சும்மா சொல்லிக் குடுங்க, வார நாள் சீட்டு ஃபீஸ் கட்டற புள்ளைக்கு. ஜிஎஸ்டி பத்தியும் கேட்டிருந்தீங்க, வருஷ வரவு 20 லட்சத்தை தாண்டாத வரைக்கும் பதிவு பண்ண வேண்டியதில்ல. வருமான வரி அது தனி, வரவை ஒரு நோட்டுல எழுதி வச்சுக்குங்க.

கேமராவுக்கு வெளிய உக்காந்து அம்மாவே விடை சொல்றாங்க. என்ன பண்றது? – வாசகர், கும்பகோணம்

அம்மாகிட்ட ஒரு வேலை குடுங்க சார். புள்ளை எந்த வரில நின்னு யோசிக்குதுன்னு குறிச்சு கிளாஸ் முடிஞ்சதும் எனக்கு அனுப்புங்கம்மான்னு கேளுங்க. ஒண்ணு நல்லா குறிச்சுக் குடுப்பாங்க, இல்ல ரெண்டாவது நாளே சீரியல் பார்க்கப் போயிடுவாங்க.