லே மிஸராப்ல் நாடக லோகோவில் இருக்கும் சிறுமி யார்? கதாநாயகன் இருக்கும்போது அவள் படத்தை ஏன் போட்டார்கள்?

அவள் பெயர் கொசெத். நாடகம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும், அதில் இந்தக் குழந்தை மேடையில் நிற்பது சில நிமிடங்கள்தான். தனியாக ஒரு பாட்டுப் பாடுவாள், விடுதிக்காரியிடம் திட்டு வாங்குவாள், இருட்டில் தண்ணீர் எடுக்கப் போவாள், கதாநாயகன் ஜீன் வல்ஜீன் வந்து காசு கொடுத்து மீட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அடுத்து நாம் பார்க்கும்போது அவள் பாரிஸில் வளர்ந்த பெண், நடிப்பதும் வேறு ஆள். அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

கதை தெரியாதவர்களுக்கு 'ஏழை படும் பாடு' என்று சொன்னால் போதும். 1862ல் வந்த விக்டர் ஹியூகோ நாவலைச் சுத்தானந்த பாரதியார் அந்தப் பெயரில்தான் தமிழில் தந்தார், 1950ல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. (அதில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது, அவர்தான் ஜாவர் சீதாராமன்.)

லோகோவில் இருப்பது நாடகத்துக்காக வரைந்த படமே இல்லை. எமில் பயார் என்ற பிரெஞ்சு ஓவியர் 19ஆம் நூற்றாண்டில் அந்த நாவலின் படப் பதிப்பு ஒன்றுக்காக வரைந்தது. ஜூல் வெர்னின் நிலாப் பயணக் கதைக்குப் படம் போட்டவர்களில் இவரும் ஒருவர். முழுப் படத்தையும் தேடிப் பாருங்கள், லோகோவில் இல்லாத ஒன்று அதில் இருக்கும்: துடைப்பம். அவள் உயரத்தை மிஞ்சும் துடைப்பம். விடியும் முன்பே எழுந்து, சிவந்துபோன சின்னக் கைகளில் பெரிய துடைப்பத்தைப் பிடித்து, கண்ணில் நீரோடு தெருவைக் கூட்டும் குழந்தை என்று நாவலிலேயே வருகிறது, பயார் அதைத்தான் வரைந்திருக்கிறார்.

1985 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் நாடகம் ஆங்கிலத்தில் மேடையேறியது. விளம்பர வேலை டிவிண்டர்ஸ் நிறுவனத்துடையது. லோகோவில் துடைப்பத்தையும் தெருவையும் வெட்டிவிட்டு முகமும் தோளும் கலைந்த தலைமுடியும் மட்டும் விட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த வடிவமைப்பும் அந்த வெட்டில்தான் இருக்கிறது. துடைப்பம் இருக்கும்வரை அது ஒரு வேலைக்காரச் சிறுமியின் கதைப்படம், ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அது போனதும் மிஞ்சுவது பார்வை மட்டும்தான், யாரையோ எதிர்பார்த்துக் கொஞ்சம் பயத்தோடு பார்க்கிற கண்கள், அதை அவ்வளவு லேசில் தாண்டிப் போக முடியாது.

அப்புறம் பின்னால் கிழிந்து பறக்கும் பிரெஞ்சு மூவர்ணக் கொடி. முகம் தனி மனுஷியின் துயரம், கொடி நாட்டின் கலகம், இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தாயிற்று. இத்தனைக்கும் 1832 பாரிஸ் கிளர்ச்சிக் காட்சிகளில் மேடையில் வீசுவது சிவப்புக் கொடி. லோகோவிலும் சிவப்பையே போட்டிருந்தால் ஏதோ கட்சிப் போஸ்டர் மாதிரி ஆகியிருக்கும், மூவர்ணம் என்றால் எந்த நாட்டுக்காரனுக்கும் உடனே பிரான்ஸ் என்று தெரிந்துவிடுகிறது.

சரி, வல்ஜீன் ஏன் இல்லை? தாடி வைத்த ஒரு ஆளின் படத்தைப் போட்டால், கதை தெரியாதவனுக்கு அவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். தவிர, கொசெத்தின் தாய் ஃபான்டின் முடியை விற்றதும், வல்ஜீன் ஓடி ஒளிந்ததும், கடைசியில் கிளர்ச்சிக்காரர்களின் தடுப்பரண் வரைக்கும் போய் அவள் காதலன் மரியுஸைச் சுமந்து வந்ததும் இந்தக் குழந்தைக்காகத்தான். யாருக்காக எல்லாம் நடக்கிறதோ அவள் முகத்தைப் போட்டுவிட்டார்கள்.

தொழில் காரணமும் ஒன்று உண்டு. மூலப் படம் கருப்புக் கோடுகளால் ஆன அச்சுப் படம். செய்தித்தாளில் ஒரு ஓரமாகப் போடும் சின்ன விளம்பரத்திலும் முகம் அடையாளம் தெரியும், பேருந்தின் பக்கவாட்டை முழுக்க அடைத்தாலும் சிதையாது. போட்டோவாக இருந்தால் நடிகர் மாறும்போதெல்லாம் மாற்றித் தொலைக்க வேண்டும்.

இதே டிவிண்டர்ஸ்தான் 1981ல் 'கேட்ஸ்' நாடகத்துக்கு வேலை பார்த்தது: கருப்புப் பின்னணியில் இரண்டு மஞ்சள் பூனைக் கண்கள், உற்றுப் பார்த்தால் கண்மணி இருக்கும் இடத்தில் ஆட்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். கெட்டிக்காரத்தனமான படம், ஆனால் எனக்குக் கொசெத் முகம்தான் ஒரு படி மேல். 1986ல் வந்த 'ஃபேன்டம் ஆஃப் தி ஓப்பரா' லோகோவிலோ முகமூடி முழு முகத்துக்கும் இருக்கிறது, மேடையில் பாதி முகத்துக்குத்தான். முழு முகமூடி போட்டுப் பாடினால் குரல் அடைபடுகிறது என்று பாதியாக்கினார்கள், அதற்குள் விளம்பரம் வெளியே போய்விட்டது.

கேள்வியின் கடைசியில், கல்லூரி நாடகத்துக்கு இந்தப் படத்தை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பயார் 1891ல் இறந்துவிட்டார், அவருடைய பழைய படத்துக்கு இப்போது காப்புரிமைச் சிக்கல் இல்லை. வெட்டி, கொடி சேர்த்த லோகோ தயாரிப்பாளரின் வணிக முத்திரை, அதைத் தொட வேண்டாம். முழுப் படத்தை எடுத்து, துடைப்பத்தோடேயே போடுங்கள்.