அட்டையில என்ன எழுதியிருந்தா உங்களுக்கு என்ன?

அன்புள்ள அக்கா,

நான் கான்சாஸ் சிட்டில வேலை பாக்குறேன். போன வாரம் டொபீகா போயிருந்தப்ப கூட வந்த ஆபீஸ் நண்பர் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச்சைக் காட்டினார். ராணுவ வீரர் அடக்கமா இருந்தாலும் சரி, தன்பாலீர்ப்பாளர் அடக்கமா இருந்தாலும் சரி, அங்க போய் அட்டையைத் தூக்கிட்டு நின்னு ‘இது கடவுள் குடுத்த தண்டனை’ன்னு பாட்டுப் பாடுற கூட்டமாம். எதிர்ல ஒரு வீடு முழுக்க வானவில் கலர் அடிச்சு வச்சிருக்காங்க. ராத்திரி பூரா அவங்க வீடியோவா பார்த்தேன், ரத்தம் கொதிச்சுது. [...] இதுல சுப்ரீம் கோர்ட்டே அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லியிருக்கு. இதெல்லாம் கருத்துச் சுதந்திரமா? நம்ம ஊரா இருந்தா தோலை உரிச்சிருப்பாங்க. மதம்னாலே இப்படித்தானா? காலேஜ் குரூப், ஃபேமிலி குரூப் எல்லாத்துலயும் வீடியோவைப் போட்டு எல்லாரையும் பாக்கச் சொல்லியிருக்கேன். நீங்களும் எழுதணும். ஜனவரில ஊருக்கு வர்றேன், பாக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். அந்த அட்டைகள்ல இருந்த வாசகத்தை எல்லாம் வரிசையா, எது எந்தக் கலர்ல இருந்துச்சுங்கிறது முதக்கொண்டு எழுதியிருந்தீங்க. அந்த அஞ்சாறு வரியை வெட்டிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கேன். கோவிச்சுக்காதீங்க, கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

‘மதம்னாலே இப்படித்தானா’ன்னா, இல்ல. பேர்ல பாப்டிஸ்ட்னு இருக்கே தவிர பெரிய பாப்டிஸ்ட் அமைப்பு எதுலயும் இவங்க கிடையாது. பின்னால வக்கீலான ஃப்ரெட் ஃபெல்ப்ஸ்னு ஒருத்தர் 1955-ல ஆரம்பிச்சது, அவர் பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, அங்க சம்பந்தம் பண்ணினவங்க, இவங்கதான் முக்கால்வாசி சர்ச். இதுக்கு மேல இதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல.

‘நம்ம ஊரா இருந்தா தோலை உரிச்சிருப்பாங்க’ன்னு எழுதினீங்க பாருங்க, அதைத்தான் சும்மா விட முடியல. யாரு உரிச்சிருப்பா? 2020 ஏப்ரல்ல சென்னையில கொரோனால இறந்துபோன ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை டாக்டரைப் புதைக்கக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் மேல கல்லும் கட்டையும் விழுந்துச்சு, கூட வேலை பார்த்த டாக்டர் ராத்திரியில தானே மண்ணைத் தள்ளி மூடிட்டு வந்தார், மறந்துட்டீங்களா? 2019-ல வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்துல வயல் வழியா போக விடலன்னு ஒரு தலித் பிணத்தைப் பாலத்துல இருந்து கயித்தைக் கட்டி இறக்கினாங்க, அந்த வீடியோவும் உங்க குரூப்ல வந்திருக்கும். அப்ப யார் தோலும் உரியல. வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு ஊர்ப்பெருமை பேசுறது சுகமாத்தான் இருக்கும், ஆனா சாவு வீட்டு விஷயத்துல நமக்கு அந்த யோக்கியதை கிடையாது.

சரி, திட்டினது போதும். உங்க கடிதத்தை உடனே எடுத்துக்கிட்டதுக்குக் காரணம் அந்தத் தீர்ப்புதான். ஸ்னைடர் வழக்கு பத்தி கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

ஆல்பர்ட் ஸ்னைடரோட பையன் மேத்யூ ஈராக்ல 2006 மார்ச்ல இறந்துபோறான். மேரிலாண்ட் வெஸ்ட்மின்ஸ்டர்ல ஒரு கத்தோலிக்கக் கோயில்ல அடக்கப் பூசை. பையன் தன்பாலீர்ப்பாளர் எல்லாம் இல்ல, அமெரிக்கா அவங்களைச் சகிச்சுக்குது அதனால அமெரிக்க சிப்பாய் சாகுறான், இதான் ஃபெல்ப்ஸ் ஆளுங்க கணக்கு. வந்தது மொத்தம் 7 பேர். போலீஸ்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு, அவங்க காட்டின இடத்துல, 10-க்கு 25 அடி, வேலி போட்ட ஒரு துண்டு நிலத்துல, கோயில்ல இருந்து சுமார் 1000 அடி தள்ளி, பூசைக்கு அரை மணி நேரம் முன்னாடி நின்னு பாடிட்டுப் போயிட்டாங்க. ஸ்னைடர் வழக்குப் போட்டார், 2007-ல ஜூரி 109 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லுது, நீதிபதி அதை 50 லட்சமாக் குறைக்கிறார், மேல்கோர்ட் மொத்தமா ரத்து பண்ணிட்டு ஃபெல்ப்ஸ் தரப்போட கோர்ட் செலவு 16,510 டாலரையும் நீயே கட்டுன்னு சொல்லிடுச்சு. பையனைப் புதைச்ச அப்பன், அங்க வந்து நின்னவனுக்குப் பணம் கட்டணும். இது வெளியில தெரிஞ்சதும் ஜனங்க பணம் அனுப்ப ஆரம்பிச்சாங்க, டிவி ஆளு பில் ஓ’ரைலி முழுசா நானே தர்றேன்னார். கடைசியில 2011 மார்ச் 2, சுப்ரீம் கோர்ட்ல 8-க்கு 1. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினது, பொது இடத்துல, பொது விஷயத்தைப் பத்தி, சட்டப்படி நின்னு பேசினா அது எவ்வளவு வலிச்சாலும் பேசினதுக்காகத் தண்டிக்க முடியாதுன்னு. நீதிபதி அலிட்டோ மட்டும் ஒத்துக்கல, துக்கத்துல இருக்குற தனி மனுஷனைக் குறிவெச்சு அடிக்கிறதுக்கு அது லைசென்ஸ் இல்லன்னார். ஃபெல்ப்ஸ் பக்கம் நின்னு வாதாடினது யார்னு நினைக்கிறீங்க, அவர் பொண்ணு மார்ஜி. பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க சட்டம் படிச்சவங்க, எவனாவது கை வச்சா கேஸ் போடத் தயாராத்தான் வருவாங்க, அதனால உங்க தோலுரிப்பு அங்கயும் வேலைக்கு ஆகாது.

தீர்ப்பு சரியா தப்பான்னு கேட்டீங்க. வக்கீலா யோசிச்சா சரி, அம்மாவா யோசிச்சா அலிட்டோ. அதை விடுங்க.

அந்தத் தீர்ப்புக்குள்ள ஒரு விஷயம் இருக்கு, யாருமே அதைப் பேசுறதில்ல. ஸ்னைடர் கார்ல போறப்ப அட்டைகளோட மேல் நுனி மட்டும்தான் தெரிஞ்சுச்சு, அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியல. அவர் அதைப் படிச்சது அன்னிக்கு ராத்திரி, டிவி நியூஸ்ல. இது தீர்ப்புலயே இருக்கு. நல்லா யோசிச்சுப் பாருங்க. 7 பேர் கான்சாஸ்ல இருந்து கிளம்பி வந்து, வேலிக்குள்ள நின்னு, தொண்டை கிழியப் பாடியும் அந்த அப்பா கண்ணுக்குப் போய்ச் சேராத அட்டையை அவர் வீட்டு நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேத்தது கேமரா. அந்தச் சேனல்காரங்க என்ன ஃபெல்ப்ஸுக்கு சொந்தமா? இல்ல, அவங்களும் ‘ஐயோ இப்படியும் ஒரு அநியாயமா’ன்னுதான் போட்டிருப்பாங்க, உங்களை மாதிரி. 2006-ல புஷ் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார், தேசியக் கல்லறைத் தோட்ட வாசல்ல இருந்து 300 அடிக்குள்ள, அடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்ன பின்ன யாரும் இப்படி நிக்கக் கூடாதுன்னு. நிறைய மாநிலமும் அதே மாதிரி போட்டுச்சு. நல்லது, வேணாங்கல. ஆனா ஸ்னைடர் கேஸ்ல அவங்க ஏற்கெனவே 1000 அடி தள்ளித்தான் நின்னாங்க! இன்னும் ஒரு மைல் தள்ளி நிக்க வச்சிருந்தாலும் ராத்திரி நியூஸ் வந்திருக்கும்ல. அந்தத் தீர்ப்பு வர்றதுக்குள்ள 20 வருஷத்துல கிட்டத்தட்ட 600 அடக்கத்துக்கு இப்படிப் போயிருக்காங்க. போற இடத்துல எல்லாம் கேமரா வரும்னு தெரியலன்னா இத்தனை செலவு பண்ணி 7 பேர் மேரிலாண்டுக்கு ஏன் வரணும்? அவங்க கத்துறது செத்தவனுக்கோ பெத்தவனுக்கோ இல்ல. உங்களுக்கு. ராத்திரி பூரா முழிச்சு வீடியோ பார்த்தீங்களே, உங்களுக்குத்தான்.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறைக்குதுன்னு சொல்றேன். போன வருஷம் எங்க பெரியம்மா பொண்ணு வீட்டுக்காரர் தவறிட்டார். குடியிருந்த ஃப்ளாட் அசோசியேஷன்ல நியாயம் பேசி நாலு பேரைப் பகைச்சுக்கிட்டவர். அதுல ஒருத்தன், பாடி ஹாஸ்பிடல்ல இருந்து வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஃபேஸ்புக்ல ரெண்டு வரி போட்டான், கேவலமா. அவனை யாரு படிக்கிறா, லைக் கூட விரல் விட்டு எண்ணிடலாம். அதோட அழிஞ்சிருக்கும். நம்ம ஆளுங்க விடலையே. ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சிவப்புல வட்டம் போட்டு, ‘இவனை என்ன செய்யலாம்’னு போட்டார், இன்னொருத்தர் அதை எடுத்து இன்னொரு குரூப்ல போட்டார், எல்லாரும் கோபமூஞ்சி பொம்மையா குத்துறாங்க. சாயங்காலம் அவரோட பொண்ணு ஃப்ரீஸர் பாக்ஸ் பக்கத்துல தரையில உக்காந்து, வர்றவங்களுக்கு லொகேஷன் அனுப்பிக்கிட்டிருக்கா. மேல டிங்குனு ஒண்ணு வந்து நின்னுச்சு. தொட்டா. அவ அப்பா பேரு, சிவப்பு வட்டம். நான் பக்கத்துலதான் இருந்தேன், அவ ஒண்ணும் சொல்லல, போனைக் கவுத்து வச்சிட்டு எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டா. அனுப்பினது யாரு, அவ சொந்தச் சித்தப்பா. பாசத்துல! அண்ணன் மேல இருந்த பாசத்துல! எழுதினவனை விட எனக்கு அந்த மனுஷன் மேலதான் இன்னமும் ஆத்திரம் அடங்கல, கல்யாணங் காட்சியில பார்த்தா சிரிச்சுப் பேசிட்டு வந்துடுறேன், அது வேற.

அப்ப என்னதான் பண்ணணும், சும்மா இருக்கணுமான்னு கேப்பீங்க. சும்மா இருக்கச் சொல்லல.

1998 அக்டோபர்ல வயோமிங்ல மேத்யூ ஷெப்பர்டுன்னு 21 வயசுப் பையனை, தன்பாலீர்ப்பாளன்னு, அடிச்சு வேலியில கட்டிப்போட்டுட்டுப் போனாங்க, சில நாள்ல இறந்துட்டான். கேஸ்பர் ஊர்ல பனி கொட்டக் கொட்ட அடக்க ஆராதனை, வெளியில ஃபெல்ப்ஸ் கூட்டம். அந்தக் குடும்பம் சாம்பலை எங்கயும் வைக்காம 20 வருஷம் வீட்டுலயே வச்சிருந்துச்சு, கல்லறைன்னு ஒண்ணு இருந்தா அதையும் நாசம் பண்ணுவாங்களோங்கிற பயம், 2018-லதான் வாஷிங்டன் தேசியக் கதீட்ரல்ல வச்சாங்க. கொலைக்கு மறுவருஷம், 1999 ஏப்ரல்ல, அதே மாநிலத்துல லாரமி ஊர் கோர்ட்ல கொலை விசாரணை ஆரம்பிக்கிறப்ப திரும்பவும் அட்டையோட வந்துட்டாங்க. மேத்யூவோட சிநேகிதி ரோமெயின் பேட்டர்சன் என்ன பண்ணாங்க தெரியுமா, பிவிசி பைப்பை வளைச்சு வெள்ளைப் பெட்ஷீட்டைக் கட்டி ஆளுயரத்துக்கு இறக்கை செஞ்சு, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் தேவதை மாதிரி மாட்டிக்கிட்டுப் போய் அவங்களைச் சுத்தி நின்னாங்க. முதுகைக் காட்டிக்கிட்டு. ஒரு வார்த்தை பேசல. இறக்கை விரிஞ்சா பின்னாடி இருக்குற அட்டை தெரியாது, அவ்வளவுதான் விஷயம். ஹார்டுவேர் கடையில கிடைக்கிற பைப்புல முடிஞ்ச வேலை. அதுல எனக்குப் பிடிச்சது அந்த முதுகு. பதிலுக்கு அட்டை எழுதிட்டுப் போயிருந்தா ரெண்டு பக்கமும் அட்டை, நடுவுல கேமராவுக்குக் கொண்டாட்டம்.

2005-ல கான்சாஸ்லயே மல்வேன்னு ஒரு ஊர்ல பழைய பட்டாளத்துக்காரங்க பைக் கூட்டம் ஒண்ணு கிளம்புச்சு, பேட்ரியாட் கார்ட் ரைடர்ஸ்னு ஆச்சு பின்னால. வீட்டுக்காரங்க கூப்பிட்டாத்தான் போவாங்க, கொடியைப் பிடிச்சு வரிசையா நின்னு மறைச்சிடுவாங்க, அவங்க பாட ஆரம்பிச்சா இன்ஜினை முறுக்குவாங்க. (அந்தச் சத்தம் வீட்டுக்காரங்க காதுலயும் தானே விழும்னு எனக்கு ஒரு சின்ன முனகல் உண்டு. ஆனா கூப்பிட்டது அவங்க, நான் யாரு.) 2012-ல டெக்சாஸ் ஏ அண்ட் எம் மாணவங்க மெரூன் சட்டையில, அடக்க ஆராதனை நடந்த ஒரு சர்ச்சைச் சுத்திக் கைகோத்துச் சுவர் மாதிரி நின்னாங்க, ஃபெல்ப்ஸ் ஆளுங்க அன்னிக்கு வரவே இல்ல.

நான் சொல்றதுக்கு எதிரா ஒண்ணு இருக்கு, மறைக்க மாட்டேன். ஃபெல்ப்ஸோட பேத்தி மேகன், அஞ்சு வயசுல இருந்து அட்டை பிடிச்ச பொண்ணு, 2012-ல தங்கச்சியோட வெளிய வந்துட்டா. அவளை அசைச்சது ட்விட்டர்ல பொறுமையா வாக்குவாதம் பண்ணின சில பேர், அதுல ஒரு யூதரும் உண்டு. அப்ப முதுகு காட்டுறது மட்டும் எல்லாத்துக்கும் மருந்து இல்லதான். ஆனா பாருங்க, அவங்க பேசினது அவகிட்ட. அவளைக் காட்டி ஊருக்குப் பேசல. நீங்க அந்தச் சர்ச் வாசல் வரைக்கும் போயிருக்கீங்க, ஒருத்தர்கிட்டயாவது பேசினீங்களா? போட்டோதான் எடுத்திருப்பீங்க.

2014 மார்ச்ல கிழவர் ஃபெல்ப்ஸ் செத்தப்ப அவர் அடக்கத்துக்கே போய் அட்டை பிடிக்கணும்னு நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னவங்க நிறைய. அவங்க அடக்க ஆராதனையே நடத்தல. ரெண்டு நாள் கழிச்சு உங்க கான்சாஸ் சிட்டிலயே ஒரு பாட்டுக் கச்சேரி வாசல்ல அவங்க வழக்கம்போல நின்னப்ப, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ன எதிர்ப்பாளர்கள் ஒரு பேனர் பிடிச்சாங்க, ‘உங்க இழப்புக்கு வருந்துறோம்’னு. இந்த ஒரு அட்டையை மட்டும் இங்க எழுதுறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

குரூப்ல போட்டதை எல்லாம் இன்னிக்கே எடுத்துடுங்க. உங்களால முடியலன்னா அட்மின்கிட்ட கேட்டுப் பாருங்க. ஏன் எடுத்தேன்னு எவனாவது கேட்டா இந்த லிங்கை அனுப்புங்க, என்னைத் திட்டட்டும். ஜனவரில கண்டிப்பா வாங்க, பொங்கல் முடிஞ்சு வந்தா வீட்டுல ஆள் கூட்டம் இருக்காது, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போடுங்க. கான்சாஸ் பார்பிக்யூ சாஸ் நல்லா இருக்கும்னு சொல்றாங்க, ஒரு பாட்டில் கொண்டு வந்தா வேணாம்னு சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அக்கா