கார் டிக்கியின் மூலையில் பொருந்துகிற சப்வூஃபர் பெட்டியை ஃபைபர்கிளாஸில் வீட்டிலேயே செய்வது எப்படி?

தாராளமாகச் செய்யலாம். ரெசின் (ஃபைபர் இழையோடு சேர்ந்து இறுகும் பிசின்) வாங்கும்போதே அதில் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். கலக்காததென்றால் கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) ஊற்ற வேண்டும். இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அளக்கும் கிண்ணம்கூடத் தனித்தனியாக இருக்கட்டும். முதல் முறை செய்பவர்கள் கோபால்ட் கலந்த ரெசினையே வாங்குவது நல்லது.

டிக்கியில் பெட்டி உட்காரும் இடத்தைவிடக் கொஞ்சம் அகலமாக மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, மேலே அலுமினியம் ஃபாயில், அதன்மேல் மெழுகு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) கையளவு துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். வெட்டினால் விளிம்பு தடித்து நிற்கும். கிழித்தால் அடுத்த துண்டோடு இழையும். காருக்குள் இரண்டு அடுக்கு மட்டும் போதும். இறுகியதும் கழற்றி, மற்ற அடுக்குகளை வெளியே காற்றோட்டத்தில் போடுங்கள். ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வரும், மொத்தம் 6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவைப்படும்.

நம் ஊர் வெயிலில் 100 கிராம் ரெசினுக்கு 1 மி.லி. ஹார்டனர் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் சூடேறி விரிசல் விடும். ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். டப்பாவிலேயே புகையத் தொடங்கிவிடும். வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்றுக்குமிழி. ரோலரால் அழுத்தி வெளியேற்றுங்கள்.

முன்பக்கத்துக்கு, ஸ்பீக்கர் மாட்டும் 18 மி.மீ. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையத்தை ரீப்பர் கட்டைகளில் நிறுத்தி, ஃப்ளீஸ் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து, ஓரத்தில் ஸ்டேப்லர் அடித்து ரெசினில் நனைக்க வேண்டும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ரெசின் குடித்த துணி வடிவத்தை மட்டும்தான் தரும், பலம் மேட்டில்தான் இருக்கிறது. துணி இறுகியதும் ஓட்டையை வெட்டி, கையை உள்ளே விட்டு நான்கைந்து அடுக்கு மேட் போடுங்கள். டிக்கியில் அச்செடுத்த பின்கூடும் துணியும் சேரும் இணைப்பில் இன்னும் இரண்டு. இல்லையென்றால் பாஸ் அடிக்கும்போது அந்தத் தோல் அதிர்ந்து, ஒலி கலங்கிப்போகும்.

கொள்ளளவை வடிவத்தைப் பார்த்துக் கணக்கிட முடியாது. ரெசின் முழுதாக இறுகிய பிறகு தெர்மாகோல் மணிகளை லிட்டர் வாளியால் அளந்து உள்ளே கொட்டிப் பாருங்கள் (ஈர ரெசின் பட்டால் மணி கரைந்துவிடும்). 10 அங்குல சப்வூஃபருக்கு மூடிய பெட்டியில் பொதுவாக 17 முதல் 28 லிட்டர் வரை கேட்கும். ஆனால் உங்கள் ஸ்பீக்கரின் தாளில் உள்ள எண்தான் கணக்கு. ஸ்பீக்கரின் பின்பகுதி அடைக்கும் இடத்தையும் கழிக்க வேண்டும். கொள்ளளவு கூடினால் உள்ளே மரக்கட்டை ஒட்டிக் குறைத்துவிடலாம். குறைந்தால் வளையத்தை முன்னே தள்ளி மறுபடி செய்வதைத் தவிர வழியில்லை. அதனால் துணி இழுக்கும் முன்பே கொஞ்சம் பெரிதாக வையுங்கள்.

ஆர்கானிக் வேப்பர் ஃபில்டர் உள்ள மாஸ்க் கட்டாயம். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியைத் துணி மாஸ்க் தடுக்காது. கண்ணாடியும் அணியுங்கள், ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வேலை முடிந்ததும் ரெசின் வாடை அடங்கும்வரை பெட்டியைத் திறந்தே வைத்துவிட்டு, அதன் பிறகு ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஸ்பீக்கரின் கோனை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்தி விடுவித்தால் அது நிதானமாகத் திரும்பி வர வேண்டும். சட்டென்று வந்தால் எங்கோ காற்று கசிகிறது. முதலில் இணைப்பையும் ஒயர் டெர்மினலையும் பாருங்கள்.