திரும்பி வந்த அம்மா

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்ன 'லேட்ஃபெர்மாக்' என்ற டச்சுப் படத்தைப் பார்த்தேன். 1972இல் ஒரு யூதக் கல்யாண வீடு. மணப்பெண் லேயாவின் அப்பாவும் அம்மாவும் நாஜி முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள். போர்க்காலத்தில் அவளை ஒளித்து வளர்த்த ரீட் என்ற பெண்ணும் விருந்துக்கு வந்திருக்கிறாள். குடும்பமே அழிந்துபோனவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இவளுக்குப் பெற்றவர்கள் இருவரும் கிடைத்துவிட்டார்கள். பிறகு என்ன குறை? அம்மாவிடம் ஏன் இந்த விலகல்? 'பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்பது இதுதானா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

அந்தப் பழமொழியை லேயாவின் தலையில் ஏற்றாதீர்கள். ஒளிந்து பிழைத்த பிள்ளைகள் போருக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கேட்ட பேச்சு அதுதான். "நீ முகாமுக்கே போகவில்லையே, கொடுத்துவைத்தவள்" என்று அவர்கள் வாயை அடைத்தார்கள்.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 1940இல் ஜெர்மன் படை நுழைந்தபோது நெதர்லாந்தில் சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். ரயிலேற்றப்பட்டவர்கள் 1,07,000 பேர். திரும்பியவர்கள் ஐயாயிரம் சொச்சம். அதில் ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்தே திரும்பியது அதிசயம்தான்.

ஆனால் அந்தக் குழந்தைகள் எப்படிக் கைமாறினார்கள் என்று பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒரு நாடக அரங்கில் யூதர்களை அடைத்துவைத்து, அங்கிருந்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளை மட்டும் எதிர்ச்சாரியில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் வைத்தார்கள். அரங்க வாசலில் காவல். நடுவே டிராம் வந்து நின்று காவலர்களின் பார்வையை மறைக்கும் அந்தச் சில நொடிகளில் காப்பகத்துப் பெண்கள் குழந்தையோடு வெளியேறிவிடுவார்கள். பையிலும் துணிக்கூடையிலும்கூடக் கொண்டுபோனார்கள். அரங்கின் நிர்வாகத்தைக் கவனிக்க வைக்கப்பட்டிருந்த யூதர் வால்டர் சூஸ்கின்ட், பதிவேட்டிலிருந்து அந்தப் பெயர்களை மறைத்தார். ஏறக்குறைய 600 குழந்தைகள் இப்படித் தப்பினார்கள். காப்பகத் தலைவி ஹென்ரியெட் பிமென்டலை 1943இல் ஆஷ்விட்ச் கொலைமுகாமில் கொன்றார்கள்.

இதற்கு முதலில் பெற்றவள் சம்மதிக்க வேண்டும். குழந்தையைக் கொடுத்துவிட்ட சில தாய்மார் போர்வையில் சுற்றிய பொம்மையை மார்போடு அணைத்தபடி ரயிலுக்குப் போனார்கள். எனக்கு இதைத் தாண்டி வரவே முடிவதில்லை.

கொடுக்கப்பட்ட குழந்தைக்கு, ஒளித்து வளர்த்த கிறிஸ்தவ வீட்டில் புதுப் பெயர், புது ஜெபம், புது அம்மா. பழைய பெயரைச் சொன்னால் வீட்டோடு உயிர் போகும். இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் புது அம்மாதான் அம்மா. 1945இல் வாசலில் எலும்பும் தோலுமாக யாரோ ஒருத்தி வந்து நிற்கிறாள். "இவள்தான் உன் அம்மா, கிளம்பு" என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது சேர்தல். பிள்ளைக்கோ அம்மாவிடமிருந்து இரண்டாம் தடவை பிய்த்தெடுக்கப்படுவது. முதல் தடவை நடந்தது நினைவில் இருக்காது, இது இருக்கும். லேயாவின் குறை இதுதான். ஒருவர்கூடச் சாகாமலே அவள் ஒரு தாயை இழந்துவிட்டாள். அதைச் சொல்லி அழ அவளுக்கு வாயில்லை. அழுதால் முகாமிலிருந்து வந்தவளுக்குத் துரோகம்.

அந்த அம்மாவை நான் குறைத்துப் பேசவில்லை. கண்ணன் வளர்ந்த அழகையெல்லாம் யசோதை கண்டாள், நான் காணவில்லையே என்று தேவகி புலம்புவதாகக் குலசேகராழ்வார் பாடியிருக்கிறார். லேயாவின் அம்மா ஆதாவைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பதிகம்தான் ஓடுகிறது.

ஹன்ஸ் கைல்ஸன் என்ற மனநல மருத்துவர், தானும் நெதர்லாந்தில் ஒளிந்திருந்து பிழைத்தவர், தன் பெற்றோரை ஆஷ்விட்சில் இழந்தவர். அங்கே போரில் அநாதையான யூதப் பிள்ளைகள் 200 பேருக்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் கவனித்து 1979இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். துன்பத்தை மூன்று கட்டமாகப் பிரித்தார்: ஆக்கிரமிப்பின் தொடக்கம், பிரிவும் ஒளிவும், போருக்குப் பிந்தைய காலம். பிள்ளைகளின் பிற்கால மனநிலையைப் பெரிதும் தீர்மானித்தது அந்த மூன்றாவது கட்டம் என்று கண்டார். ஊரெல்லாம் கொடி கட்டிக் கொண்டாடிய விடுதலைக்குப் பிறகு நடந்தது! பெற்றோர் திரும்பாத சுமார் 2,000 பிள்ளைகள் யூதர்களாக வளர வேண்டுமா, வளர்த்த கிறிஸ்தவ வீட்டிலேயே இருக்க வேண்டுமா என்று அரசு அமைத்த குழுவில் வருடக்கணக்கில் வழக்காடினார்கள். 'நான் யார்' என்ற கேள்வி அந்தத் தலைமுறைக்குத் தத்துவமல்ல, கோப்பில் கிடந்த விவகாரம்.

படத்தின் மூலநாடகத்தை எழுதிய யூடித் ஹெர்ட்ஸ்பெர்க் 1934இல் பிறந்தவர், ஒளித்துவைக்கப்பட்ட பிள்ளை. அவருடைய பெற்றோர் பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து பிழைத்து வந்தார்கள். இயக்கிய ஃபிரான்ஸ் வைஸின் அப்பா ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அதனால்தான் படத்தில் யாரும் உட்கார்ந்து கதை சொல்வதில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களிடம் பேசுவதுபோலப் பாதியில் நிறுத்திவிட்டு விருந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இன்னொரு முறை பார்த்தால் லேயாவைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். ரீட்டை மட்டும் பாருங்கள். மகளின் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள். அவளை என்ன உறவு சொல்லி அழைப்பது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.