நட்சத்திரங்களை எதை வைத்து வகை பிரிக்கிறார்கள்? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

முதலில் நிறம். ஜனவரி மாதம் இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கிழக்கே காட்டுங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை. வலப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையாக மின்னுவது ரைஜல். எது அதிகச் சூடு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "சிவப்புதான்" என்பார்கள். குழாயில் வெந்நீருக்குச் சிவப்பு அடையாளம் வைத்துப் பழக்கிவிட்டோமே! உண்மையில் திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,300 டிகிரி செல்சியஸ், ரைஜல் சுமார் 12,000. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏறத்தானே வெளுக்கிறது?

இந்தச் சூட்டு வரிசைக்குத்தான், அதிகச் சூட்டில் தொடங்கி, ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று பெயர். எழுத்துகள் ஏன் குழம்பிக் கிடக்கின்றன? நட்சத்திர ஒளியை வானவில் போல் நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கருங்கோடுகள் தெரியும். முதலில் அவற்றில் ஹைட்ரஜன் வாயுவால் வரும் கோடுகள் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகின்றன என்று பார்த்து ஏ, பி என வைத்தார்கள். 1901-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் என்ற வானியலாளர் சிலவற்றை நீக்கி, மீதியை இப்படி மாற்றி அடுக்கினார். நம் சூரியன் ஜி வகை, சுமார் 5,500 டிகிரி.

நிறம் மட்டும் போதாது. திருவாதிரையும் எம், நமக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா சென்டாரியும் எம். ஆனால் முன்னது சூரியனைப் போல் பல நூறு மடங்கு அகலம். பின்னது சூரியனில் ஏழில் ஒரு பங்குதான். அதனால் சிவப்புப் பெருமீன், சிவப்புக் குள்ளன் என்று அளவையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

வெள்ளி, வியாழன் இந்தக் கணக்கிலேயே வராது. அவை கோள்கள், சூரிய ஒளியைத்தான் திருப்பி அனுப்புகின்றன.