7 கிலோவுக்குள் ஒரு வெளிநாட்டுப் பயணம்: உண்மையில் மிச்சமா?

கேள்வி: ஓராண்டாக மாதந்தோறும் எடுத்துவைத்த பணத்தில் முதன்முறையாக வெளிநாடு போகிறேன். பத்து நாள் பயணம். குறைந்த கட்டண விமானத்தில் 7 கிலோ கேபின் லக்கேஜ் மட்டும்தான் அனுமதி. பெரிய பெட்டிக்கான கட்டணத்தைச் சேர்த்தால், எல்லாம் அடங்கிய டிக்கெட்டின் விலையே வந்துவிடுகிறது. கைப்பையோடு மட்டும் போனால் மிச்சமாகுமா?

பதில்: ஆகும், வீடு திரும்பும்வரை பை 7 கிலோவைத் தாண்டாமல் இருந்தால். பலரும் போகும் வழிக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். பணம் கரைவதோ வரும் வழியில்.

முதலில் டிக்கெட்டின் வகையைப் பாருங்கள். சில நிறுவனங்களின் மிக மலிவான டிக்கெட்டில், முன் இருக்கைக்கு அடியில் நுழையும் சிறு பைக்கு மட்டுமே இடம் உண்டு. தலைக்கு மேலே வைக்கும் பெட்டிக்குத் தனிக்கட்டணம். இருக்கைத் தேர்வு, உணவு எல்லாம் சேர்ந்து, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, பையின் சொந்த எடை. சக்கரம் வைத்த பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மிஞ்சுவது நான்கு கிலோ. இலேசான முதுகுப்பை என்றால் ஆறு கிலோ கிடைக்கும். என்னிடம் ஆலோசனை பெறும் ஒருவர் இதைக் கவனிக்காமல் போய்விட்டார். கவுண்டர் தராசு 9.2 கிலோ காட்டியது. வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைத் தரையில் திறந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போதும் எடை 7 கிலோவுக்குள் வரவில்லை. அங்கே அவர் கட்டிய தொகை, முன்பதிவின்போதே கட்டியிருக்க வேண்டியதைப் போல இரு மடங்கு. அவர் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அதனால்தான் கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் அணிந்தே போங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

திரவங்கள் பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டர் குப்பிகளில்தான் இருக்க வேண்டும். அளவு குப்பிக்குத்தான், உள்ளே இருப்பதற்கு அல்ல: 200 மில்லி ஷாம்பு பாட்டிலில் கால்பங்கு மிஞ்சியிருந்தாலும் எடுத்துவிடுவார்கள். பற்பசைக்கும் இதே விதிதான். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வரலாம். 100 வாட்-மணிக்குள் (Wh, அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. இடமில்லை என்று கடைசி நேரத்தில் உங்கள் பையைச் சரக்கறைக்கு அனுப்பினால், பவர் பேங்கை மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

இரண்டு மலிவு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டாக வாங்கி இணைக்கும் எண்ணம் இருந்தால், நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பொதுவாக அந்த நஷ்டம் உங்களுடையதே. மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீட்டில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். வெளிநாட்டில் ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தால் உங்கள் ஓராண்டுச் சேமிப்பு போதாமல் போகலாம். கார்டில் பணம் செலுத்தும்போது உங்கள் நாட்டு நாணயமா, அந்த நாட்டு நாணயமா என்று கேட்டால், அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், போகும்போது கைப்பை மட்டும். உறவினர்களுக்கு ஏதாவது வாங்கி வரும் எண்ணம் இருந்தால், வரும் வழிக்கு மட்டும் லக்கேஜ் கட்டணத்தை டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிடுவேன்.